410 வட்டில் எந்த 240ஐ வைத்துக்கொள்வது? வீட்டுப் படச் சேகரிப்பைப் பிரிக்கும் முறை

#1 அலமாரி240

வணக்கம். கைவசம் 410 வட்டு: விசிடி 90, டிவிடி 270, ப்ளூரே 50. அலமாரி கொள்ளுவது 240. பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ஓடிடியில் கிடைக்கிறது. அதனால் ‘ஓடிடியில் இருந்தால் கழி, இல்லாவிட்டால் வை’ என்று பிரிக்க நினைக்கிறேன். இது சரியா? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? ப்ளேயர் இந்தியாவில் வாங்கிய ப்ளூரே ப்ளேயர். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் உண்டு. ‘பார்த்தே ஆக வேண்டிய 100’ பட்டியல் வேண்டாம், தயவுசெய்து. பிரிக்கும் முறை வேண்டும்.

#2 மேட்டினி_ஷோ

ஓடிடியில் பெயர் இருக்கிறது என்றால் படம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. என்ன பிரிண்ட் என்று பாருங்கள். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் நீளம். பழைய டிவிடிகளில் படம் தொடங்குமுன் தணிக்கைச் சான்றிதழ் இரண்டு மூன்று விநாடி வந்துபோகும். அங்கே நிறுத்திப் படியுங்கள். ஃபிலிமில் எடுத்த படமென்றால் நீளம் மீட்டரில் இருக்கும், மிகப் பழையதென்றால் அடியில். 35 மிமீ ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அதாவது 27.43 மீட்டர். சான்றிதழில் 4389 மீட்டர் என்றிருந்தால் 27.43ஆல் வகுங்கள்: 160 நிமிடம். ஓடிடியில் அதே படம் 148 நிமிடம் என்று காட்டினால் 12 நிமிடம் எங்கே போனது என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு பாட்டும் காமெடி டிராக்கின் ஒரு துண்டும் போயிருக்கும்.

அடுத்து சட்டத்தின் (ஃபிரேம்) அளவு. தமிழில் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலச் சட்டப் படம், ‘ராஜராஜ சோழன்’, 1973. அதற்கு முந்தைய படமெல்லாம் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டம். டிவியில் அது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடுதான் வர வேண்டும். திரை முழுக்க நிறைந்து வந்தால் இரண்டில் ஒன்று: மேலும் கீழும் சேர்த்துக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வெட்டியிருந்தால் நடனக் காட்சியில் பாதம் தெரியாது. இழுத்திருந்தால் நிலா முட்டை வடிவத்தில் இருக்கும். ஸ்கோப் படத்தைத் திரை நிறைய வெட்டினால் அகலத்தில் 24 சதவீதம் போகும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, ஒலியை எங்கே அமுக்கியிருக்கிறார்கள், எங்கே மங்கலாக்கியிருக்கிறார்கள் என்பது. பின்னணி இசைக்கோ பழைய பாட்டுக்கோ உரிமைச் சிக்கல் வந்தால் அந்த இடத்தில் வேறு இசையை ஒட்டிவிடுவதும் உண்டு.

இந்த மூன்றிலும் ஓடிடி பிரிண்ட் தேறினால் உங்கள் டிவிடியைத் தாராளமாகக் கழிக்கலாம். ஒன்றில் தோற்றாலும் வட்டு இருக்கட்டும்.

#3 சுருதிப்பெட்டி

மேட்டினி சொன்ன நீளக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நிமிடம் குறைந்தால் உடனே ‘வெட்டிவிட்டார்கள்’ என்று குதிக்காதீர்கள். திரையில் விநாடிக்கு 24 சட்டம். பால் (PAL, இந்தியா, ஐரோப்பா டிவி முறை) டிவிடியில் 25. மாற்றுபவர்கள் பெரும்பாலும் 24ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். 160 நிமிடப் படம் 153½ நிமிடத்தில் முடியும், ஒரு சட்டம்கூட வெட்டாமல். அதனால் பால் வட்டின் நேரத்தை 1.0417ஆல் பெருக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

படம் முழுசாக இருந்தாலும் இதில் ஒரு நஷ்டம் உண்டு: சுருதி ஏறிவிடும். ஏறும் அளவு அரைக்கட்டையில் சுமார் 70 சதவீதம். வசனத்தில் பலருக்குத் தெரியாது. பாட்டில் தெரியும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரையை எட்டிப்பார்க்கும், ஆனால் எட்டாது, அதனால் சுருதிப்பெட்டியில் எதோடும் சேராது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஏதாவது ஒன்றைத் திறந்து, பாட்டின் ஆதார ஸட்ஜத்தை இசைத்தட்டிலிருந்து வந்த சிடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டுக்காகவே ஒரு படத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம்.

என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை) வட்டில் வேகப் பிரச்சினை இல்லை. ஆனால் பாலிலிருந்து மாற்றிய என்டிஎஸ்சியா என்று பார்க்க வேண்டும். கேமரா வேகமாகத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் வி.எல்.சி. ப்ளேயரில் ஆங்கில ‘ஈ’ விசையை ஒவ்வொரு தடவையாகத் தட்டுங்கள். ஒவ்வொரு சட்டமாக நகரும். மூன்று சட்டம் தெளிவாக, இரண்டு சட்டம் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக, மறுபடி மூன்று தெளிவு என்று வந்தால் சரியான வட்டு. கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை எடுத்துவிட முடியும். சீப்புக்குப் பதிலாக ஒரே ஆள் இரண்டு நிழலாக, ஒன்றன்மேல் ஒன்று மங்கித் தெரிந்தால் கலந்தடித்த பிரிண்ட். அதைத் திருத்த வழியே கிடையாது.

இன்னொன்று: ‘5.1’ என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மோனோவில் பதிவான படத்துக்கு ஐந்து ஸ்பீக்கர் எங்கிருந்து வந்தது? எதிரொலியைச் சேர்த்துப் பின்னால் அனுப்பியிருப்பார்கள். வீணை குளியலறையில் வாசித்த மாதிரி இருக்கும். பழைய மோனோ டிராக்கும் சேர்ந்து இருக்கிற வட்டு என்றால் அதை விடாதீர்கள்.

#4 அலமாரி240

நன்றி, இரண்டு பேருக்கும். ஒரு சந்தேகம். என்னிடம் ‘3 இன் 1’ டிவிடிகள் 40 இருக்கின்றன. 40 இடத்தில் 120 படம். இடம் மிச்சம் என்று அவற்றை வைத்துக்கொள்ளும் பக்கத்தில் முதலில் சேர்த்தேன். சரிதானே?

#5 பிட்_எண்ணி

தலைகீழ், தலைவரே. முதலில் கழிக்க வேண்டியதே அவைதான்.

இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. 160 நிமிடப் படம் ஒன்றுக்கு மொத்தத்தையும் கொடுத்தால் விநாடிக்கு 7 மெகாபிட் கிடைக்கும், பிட்ரேட் என்பது இந்த எண்தான். நல்ல டிவிடி என்பது இதுதான். அதே 8.5இல் மூன்று படம் என்றால் ஆளுக்கு 2.4. ஒற்றை அடுக்கு 4.7 ஜிபியில் மூன்றைத் திணித்திருந்தால் 1.3. விசிடியில் படத்துக்கு மட்டும் கிடைப்பது 1.15! அதுவும் விசிடி சட்டம் 352×288தான், டிவிடி சட்டம் 720×576, நான்கு மடங்கு புள்ளி. விசிடி அளவு பிட்டை நான்கு மடங்கு பரப்பில் தடவினால் என்ன ஆகும்? மழைக் காட்சி, கூட்டம், கடல் அலை எல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

சரிபார்ப்பது சுலபம். வட்டை டிரைவில் போட்டு மொத்த அளவைப் பாருங்கள். வி.எல்.சி.யில் கன்ட்ரோலும் ஆங்கில ‘ஜே’யும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம் வரும். என் கோடு இதுதான்: ஒரு படத்துக்கு 4 ஜிபிக்குக் கீழே என்றால், வேறு எங்கும் கிடைக்காத படமாக இருந்தால் மட்டும் வை.

ஸ்கோப் படமென்றால் இன்னொன்றும் பாருங்கள். அகலத் திரை டிவியில் நாலா பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டு, நடுவில் தபால்தலை மாதிரிப் படம் வருகிறதா? அது அனமார்ஃபிக் இல்லாத வட்டு, அதாவது அகலத் திரைக்காகப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிக்காதது. பால் டிவிடியில் படத்துக்கு 327 வரிதான் மிஞ்சும், அனமார்ஃபிக் என்றால் 436. ஜூம் பண்ணி ஏமாற்றலாம், வரி கூடாது. இப்படிப்பட்ட டிவிடிக்கு முன்னால் சுமாரான ஓடிடி பிரிண்ட்கூடத் தேவலாம்.

ஒரு சின்ன வரலாறு. வட்டு தயாரிக்கும் இந்தியக் கம்பெனியான மோசர் பேர் 2000களின் நடுப்பகுதியில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோதுதான் வீட்டு அலமாரிகள் நிறைய ஆரம்பித்தன. விலை மலிவு என்பதற்காக அந்தக் காலத்து வட்டை ஒட்டுமொத்தமாகக் கழித்துவிட வேண்டாம். ஒரு படம் ஒரு வட்டு என்று வந்தவற்றில் பிட்ரேட் நன்றாக இருப்பவையும் உண்டு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

#6 ஞாயிறு_மாலை

எல்லாரும் ஸ்கேனிங் சென்டர் மாதிரிப் பேசுகிறீர்கள். கேள்வி எந்த *படத்தை* வைப்பது என்பது. பிட்ரேட் 7 இருக்கிறது என்பதற்காக, யாரும் திரும்பப் பார்க்காத படத்துக்கு அலமாரியில் இடம் கொடுப்பீர்களா?

திரும்பப் பார்ப்போமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘நல்ல படம்’ என்பது போதாது. ஒரு திருப்பத்தை நம்பி ஓடும் துப்பறியும் படத்தை இரண்டாவது தடவை பார்க்கலாம், வைத்த தடயங்களை எண்ண. மூன்றாவது தடவை யாரும் எடுப்பதில்லை. கனமான துயரப் படத்தை வணங்கி அலமாரியில் வைப்போம், வணங்கிக்கொண்டே இருப்போம். உண்மையில் திரும்பத் திரும்ப ஓடுவது பாட்டும் வசனமும் நகைச்சுவையும் உள்ள படம், எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் பார்க்கலாம் என்கிற படம். சோதனை: வட்டைக் கையில் எடுத்துக் கண்ணை மூடுங்கள். உடனே போட்டுப் பார்க்கத் தோன்றுகிற காட்சி மூன்று வருகிறதா? வந்தால் வை.

#7 மேட்டினி_ஷோ

மேற்கோள்: “எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் பார்க்கலாம் என்கிற படம்”

ஞாயிறு சார், அங்கேதான் உதைக்கிறது. நீங்கள் சொல்கிற படங்களையெல்லாம் சேனல்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். யூடியூபில் காட்சி காட்சியாகக் கிடக்கிறது. நாம் அதிகமாகப் பார்க்கிற படம் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தேவையே இல்லாத படமாக இருக்கலாம். எவருமே போடாத படம்தான் வீட்டில் இல்லையென்றால் எங்குமே இல்லை.

இன்னொரு வகை, வடிவம் மாறிய படம். ‘பாபா’ 2002இல் வந்தது ஒன்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது வெட்டித் திருத்திய வேறொன்று. ‘ஆளவந்தான்’ (2001) 2023இல் சுருக்கிய வடிவில் வந்தது. இனி எந்த வடிவம் எங்கே நிலைக்கும் என்பதை உரிமைக்காரர்தான் முடிவு செய்வார். முதல் வடிவம் உள்ள டிவிடி கையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள், பிட்ரேட் எவ்வளவாக இருந்தாலும். ‘அன்னபூரணி’ நெட்ஃப்ளிக்ஸில் வந்த சில நாட்களிலேயே, 2024 ஜனவரியில், எடுக்கப்பட்டது. அதற்கான காரணத்தில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு இழை. இங்கே பார்க்க வேண்டியது, நேற்று இருந்தது இன்று இல்லை என்பது.

#8 ஞாயிறு_மாலை

சேனலில் போடுகிற படத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேனலில் 150 நிமிடப் படம் விளம்பரத்தோடு நாலு மணி நேரம். அதுவும் ‘மூன்றில் தோற்ற பிரிண்ட்’ கணக்கில்தானே வரும்?

#9 மேட்டினி_ஷோ

வரும். உங்களுக்கு ஒரு பாயின்ட்.

#10 யாழ்_ஒளி

எல்லாரும் இந்தியத் தமிழ்ப் படத்தைப் பற்றியே கதைக்கிறியள். இலங்கையில எடுத்த தமிழ்ப் படம் ஏதாவது உங்கட 410க்குள்ள கிடக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. ‘தோட்டக்காரி’ 1963, ‘வாடைக்காற்று’ 1978, செங்கை ஆழியானின்ர நாவல். எண்ணிக்கையே கொஞ்சம். 1983 யூலையில கொழும்புக்குக் கிட்ட ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரிச்சபோது கன படங்களின்ர நெகட்டிவ் சாம்பலாப் போச்சு. அப்பிடிப்பட்ட படத்துக்கு மேல சொன்ன ஒரு சோதனையும் வேண்டாம். வீடியோ கசெற்றில இருந்து அடிச்ச விசிடி எண்டாலும், கோடு விழுந்தாலும், சத்தம் இரைஞ்சாலும் வைச்சிருங்கோ. வைச்சிருந்தால் மட்டும் காணாது, நகல் எடுத்து வேற ஒரு ஊரிலயும் ஒண்டு வையுங்கோ. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கிற ‘நூலகம்’ நிறுவனத்தின்ர ஆவணகத்துக்கு எழுதிக் கேளுங்கோ, ஒலி ஒளி ஆவணங்களும் அங்க சேர்க்கினம்.

இந்தியாவிலயும் இதுதானே கதை. தமிழ் பேசின முதல் படம் ‘காளிதாஸ்’, 1931. இண்டைக்கு ஒரு சுருள் இல்லை.

#11 பிட்_எண்ணி

யாழ்_ஒளி சொன்னதற்கு முன்னால் என் 4 ஜிபி கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

#12 வெளியூர்_வட்டு

‘புதிதாக எதை வாங்குவது’ என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வாங்குமுன் ப்ளேயரைப் பாருங்கள். ப்ளூரேயில் உலகம் மூன்று பகுதி. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா பக்கம் ‘ஏ’. ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’. இந்தியா, இலங்கை, சீனா ‘சி’. பூட்டுப் போட்ட ‘ஏ’ வட்டை இந்திய ப்ளேயரில் போட்டால் ‘பகுதி தவறு’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிவிடிக்குப் பகுதி எண் வேறு: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. 4கே யூஎச்டி வட்டுக்குப் பகுதிப் பூட்டே இல்லை, ஆனால் சாதாரண ப்ளூரே ப்ளேயர் அதைப் படிக்காது. உறையில் 4கே, ப்ளூரே இரண்டும் இருக்கும் தொகுப்புகளில் 4கே திறந்திருக்கும், கூட வரும் ப்ளூரே பூட்டியிருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் சிறிய அறுகோணத்துக்குள் எந்த எழுத்து என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எதற்குக் காசு கொடுக்கலாம்? மூலத்திலிருந்து சீரமைத்த பதிப்புக்கு. சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களின் நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு லேபில் தீப்பிடித்தபோது கருகியது. அந்தக் கருகலிலிருந்து கையாலேயே பிரித்து, ஒட்டுப்போட்டு, இத்தாலியின் போலோஞ்ஞாவில் 4கேயில் சீரமைத்து 2015இல் வெளியிட்டார்கள். அந்த ப்ளூரேக்கும் அதற்கு முந்தைய டிவிடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நம் ஊர்த் தொடர்பு வேண்டுமானால் உதய் சங்கரின் ‘கல்பனா’, 1948, மெட்ராஸ் ஜெமினியில் எடுத்தது. சீரமைத்த பிரதி அமெரிக்க வட்டு நிறுவனம் க்ரைட்டீரியனின் உலக சினிமாத் தொகுப்பு 4இல் இருக்கிறது. இந்த ஒரு படத்துக்காக என்றால் விலை அதிகமாகத் தோன்றும், தொகுப்பில் ஆறு படம் என்று வகுத்துப் பாருங்கள். ‘ஏ’ பூட்டு என்பதையும் தபால், சுங்கம் இரண்டையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

‘சீரமைத்தது’ என்ற சொல்லையும் அப்படியே நம்பக் கூடாது. இரண்டு கெடுதல் உண்டு. ஒன்று, ஃபிலிமின் கிரெய்னை (இயல்பான மணிமணித் தன்மையை) அழித்துத் துடைத்துவிடுவது. முகம் மெழுகுப் பொம்மை ஆகும். 60 வயது நடிகருக்கு நெற்றிச் சுருக்கம் காணாமல் போயிருந்தால் அதுதான். 2017இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ 4கே வட்டு இதற்காகவே திட்டு வாங்கியது. மற்றொன்று, நிறத்தையும் சட்டத்தையும் மாற்றுவது. ஹாங்காங் இயக்குநர் வாங் கார்-வாய் தன் படங்களை 2020இல் புதுப்பித்தபோது ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ படத்தின் சட்டத்தையே அகலமாக்கினார். இயக்குநரே செய்ததுதான், அவர் உரிமை. ஆனால் திரையரங்கில் ஓடிய படம் வேண்டும் என்பவர் பழைய வட்டைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். புதியது வாங்கியதும் பழையதைக் கழிக்கிற பழக்கம் இந்த இடத்தில் ஆபத்து.

தமிழில் இதற்கு இணையான வட்டு குறைவு. ‘கர்ணன்’ (1964) 2012இல் டிஜிட்டலாகச் சரிசெய்து அரங்குகளுக்கு வந்து ஓடு ஓடென்று ஓடியது. அதற்கு முன் அச்சான டிவிடியில் அந்த வேலை இருக்க வாய்ப்பே இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அரங்குக்குச் சீரமைத்தால் வட்டுக்கும் சீரமைத்ததாக ஆகாது. ஆண்டைப் பாருங்கள்.

புதுப் படங்களுக்கு? ஓடிடி 4கே பொதுவாக விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட். சாதாரண ப்ளூரேயின் உச்சம் 40, 4கே வட்டில் 100ஐத் தாண்டும். 43 அங்குல டிவியும் அதன் சொந்த ஸ்பீக்கரும் வைத்திருப்பவர் இதற்காகக் காசைக் கொட்டத் தேவையில்லை. ப்ரொஜெக்டரோ நல்ல ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் முதலில் காது சொல்லும், பிறகுதான் கண்.

#13 ஞாயிறு_மாலை

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று. சில ஹாலிவுட் படங்களின் இந்தியப் பதிப்பில் தமிழ் டப்பிங் டிராக் இருக்கும், வெளிநாட்டுப் பதிப்பில் இருக்காது. படத்தரம் ஒரு படி குறைந்தாலும் தமிழ் டிராக்குக்காக இந்திய வட்டை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் தமிழ் டிவிடியில் சப்டைட்டில் பாட்டுக்கும் வருகிறதா என்று பாருங்கள். நிறைய வட்டில் பாட்டு தொடங்கியதும் சப்டைட்டில் ஓய்வெடுக்கும்.

#14 பூஞ்சைக்_காளான்

வைக்கத் தகுந்த படம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், சரி. அந்த வட்டு உயிரோடு இருக்கிறதா? வரிசையாகச் சொல்கிறேன்.

பின்பக்க நிறம். வெள்ளி அல்லது லேசான பொன் நிறம் என்றால் அச்சடித்த வட்டு. ஊதா அல்லது நீலம் ஓடினால் எரித்த வட்டு, அசல் அட்டைக்குள் இருந்தாலும். எரித்த டிவிடியில் தகவல் இருப்பது சாயத்தில். வெயிலும் சூடும் பட்டால் சாயம் போகும். அவற்றை இந்த வாரமே நகல் எடுங்கள்.

விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிந்தால் பிரதிபலிக்கும் படலம் அரித்திருக்கிறது. ஓரத்தில் பால் நிறமோ வெண்கல நிறமோ படர்ந்தால் இரண்டு தகட்டையும் ஒட்டிய பசை விட ஆரம்பித்துவிட்டது. அரிப்பு நிற்காது, வளரும்.

கீறல் எந்தப் பக்கம்? விசிடியில் தகவல் படலம் மேலே, படம் அச்சடித்த பக்கத்தின் வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் கீறினால் அதோடு தீர்ந்தது. பளபளக்கும் பக்கத்துக் கீறலைப் பாலிஷ் போட்டு மீட்கலாம். டிவிடியில் தகவல் நடுவில், 0.6 மிமீ ஆழத்தில், அதனால் கொஞ்சம் தாங்கும். ப்ளூரேயில் வெறும் 0.1 மிமீ. மேலே கடினப் பூச்சு உண்டு, ஆனால் அதைத் தாண்டிக் கீறினால் பாலிஷ் எதுவும் உதவாது. டூத்பேஸ்ட் வைத்தியத்தை எந்த வட்டுக்கும் செய்யாதீர்கள், ப்ளூரேக்குச் செய்தால் கொலை.

படம் எங்கே நிற்கிறது என்பதும் ஒரு குறிப்பு. வட்டு உள்ளிருந்து வெளியே ஓடும். ஒற்றை அடுக்கு டிவிடி நிறைந்திருந்தால் ஓரத்தில் இருப்பது கிளைமாக்ஸ். இரட்டை அடுக்கில் முதல் அடுக்கு வெளியே போய், இரண்டாவது அடுக்கு உள்ளே திரும்பும், அதனால் ஓரத்தில் இருப்பது படத்தின் நடுப்பகுதி. இடைவேளை வாக்கில் தடுமாறுகிற வட்டை எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் விரல் ரேகையோ பூஞ்சையோ இருக்கும். துடைத்தாலே பாதி சரியாகிவிடும்.

பூஞ்சைக்கு: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது. வட்டமான கீறல் தடத்தோடு ஓடுவதால் பிழை திருத்தம் தோற்றுப்போகும், குறுக்குக் கீறலை அது சமாளித்துவிடும். கழுவிய பின் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிழலில் நிற்க வையுங்கள். வட்டை எடுக்கும்போது நடுப் பொத்தானை அழுத்திவிட்டு எடுங்கள். வளைத்து இழுத்தால் நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும்.

பிவிசி உறை வேண்டாம், பிசுபிசுக்கும். பாலிப்ரொப்பிலின் உறை அல்லது பழைய பெட்டி. செங்குத்தாக நிற்க வேண்டும். ஈரமான ஊர் என்றால் மூடிய அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ரசகற்பூர உருண்டை, அந்து உருண்டை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

#15 அலமாரி240

எல்லாருக்கும் நன்றி. முதல் 60 டிவிடியைச் சோதித்தேன். 22 கழிந்தது, 31 நின்றது, 7 சந்தேகம். சந்தேகத்தில் இருப்பது எல்லாமே ஒரே மாதிரி: படம் வேறு எங்கும் இல்லை, ஆனால் வட்டு ஒரு இடத்தில் சிக்குகிறது. பிறகு விசிடி 90. அலமாரியிலேயே வைக்காமல் நகல் எடுத்துவிட்டால் 90 இடம் மிச்சம். ஐஎஸ்ஓ (வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக) எடுத்தால் பாதியில் பிழை காட்டி நிற்கிறது.

#16 பிட்_எண்ணி

விசிடிக்கு ஐஎஸ்ஓ ஆகாது. விசிடியின் படத் தடம் வேறு வகைப் பிரிவில் (செக்டர்) எழுதப்பட்டது. பிரிவுக்கு 2048 பைட் என்று நினைக்கும் ஐஎஸ்ஓ அங்கே முட்டும். பிரிவுகளை முழுசாக அப்படியே எடுக்கும் ‘பின்–க்யூ’ முறையில் எடுங்கள். அவ்வளவு சிரத்தை வேண்டாமென்றால் எம்பெக்ஏவி கோப்புறைக்குள் இருக்கும் டேட் கோப்பை அப்படியே நகலெடுத்தால் வி.எல்.சி.யில் ஓடும். வட்டுக்கு 700 எம்பி சொச்சம். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டு இருந்தாலும் மொத்தம் 90 வட்டும் 65 ஜிபிக்குள் அடங்கும், ஒரு பென் டிரைவ் அளவு. ஆனால் பென் டிரைவில் *மட்டும்* வைக்காதீர்கள்.

சிக்குகிற டிவிடிக்கு: டிரைவ் வேகத்தை 4 மடங்குக்குக் குறையுங்கள். கெட்ட வட்டிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் பிரிவு அளவு 2048 என்று கொடுத்து, பதிவுக் கோப்போடு ஓட்டுங்கள். முதல் சுற்றில் நல்ல பகுதியை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடத்தை மட்டும் பிறகு தோண்டும். ஒரு டிரைவில் படிக்காத பிரிவை வேறு கம்பெனி டிரைவ் படித்துவிடும், அதே பதிவுக் கோப்பை வைத்துத் தொடரலாம். இது நகல் தடுப்புப் பூட்டில்லாத வட்டுக்கு. பூட்டு உள்ளவற்றுக்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகலுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு வேறு கம்பெனி. ஒன்று வீட்டில், மற்றது உறவினர் வீட்டில். டிவிடி 200 என்றால் சராசரி 6 ஜிபி போட்டாலும் 1.2 டிபி, ஆகவே 2 டிபி போதும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா–256 எண்ணை (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிச் சரிபாருங்கள். எஸ்எஸ்டியை மின்சாரமில்லாமல் பீரோவில் வருடக்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம்.

#17 சுருதிப்பெட்டி

அந்த 22ஐ எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம். பால் வேகத்தில் ஏறிய சுருதி காரணமாகக் கழித்தது ஏதாவது இருந்தால் திரும்ப எடுங்கள். படம் சுத்தமாக இருந்தால் 24 சட்டத்துக்குத் திருப்பி, ஒலியையும் அதே 0.96 வேகத்துக்கு இறக்கினால் சுருதி தன் இடத்துக்கு வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில வட்டில் சுருதியை முன்பே சரிசெய்து வைத்திருப்பார்கள். அதைத் தெரியாமல் இறக்கினால் பாட்டு அழும். முதலில் சிடியோடு ஒப்பிட்டுவிட்டு இறக்குங்கள்.

#18 அலமாரி240

அப்படிக் கழித்தது 4. திரும்ப எடுத்துவிட்டேன். ஒன்றில் சான்றிதழ் 4252 மீட்டர் காட்டுகிறது, வட்டு 148 நிமிடம் 48 விநாடி.

#19 மேட்டினி_ஷோ

4252ஐ 27.43ஆல் வகுத்தால் 155. 148.8ஐ 1.0417ஆல் பெருக்கினாலும் 155. முழுப் படம். வையுங்கள்.